பொழுதும் நிறமும்: குறுந்தொகை நிலவுப் பாட்டொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சங்கச் செய்யுட்களில் வரும் நிறச்சொற்களை ஆராயப் புகுவார் பெரும்பாலும் ஒரே நெறியைக் கைக்கொள்கின்றனர். பசுமை, நீலம், கருமை, செம்மை, வெண்மை முதலிய சொற்கள் வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, அவை தழுவும் பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லை வகுக்க முயல்கின்றனர். பொன் ஓரிடத்தில் பசும்பொன்னாகவும் மற்றோரிடத்தில் செம்பொன்னாகவும் வருதல் கண்டு மயங்குகின்றனர். நீலமும் கருமையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதல் கண்டு, பழந்தமிழர் அவ்விரண்டையும் பிரித்து உணரவில்லை என்று முடிவு கட்டுவாரும் உளர். தொகுப்பு முயற்சி வேண்டாவென்று யாரும் கூறார். ஆயின் அம்முயற்சியின் அடியில் ஆராயப்படாத கொள்கையொன்று கிடக்கின்றது. நிறம் என்பது பொருளின்கண் என்றும் மாறாது நிற்பது. காணும் பொழுது அதனை மாற்றுவதில்லை என்பதே அக்கொள்கை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். பூவும் புள்ளும் மரனும் அவற்றின்பின் வரும் கருப்பொருள்களாயின. ஒரு பூ பாட்டினுள் வருமுன்னரே அதற்குரிய பொழுது வந்து நிற்கின்றது என்பது இதனாற் பெறப்படும். அப்பொழுதுகளை ஒளிபற்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தற்கு எற்பாடு. எற்பாடு என்பது கதிரவன் படும் பொழுது என்பார் பலர். எழும் பொழுது என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் கதிர் தாழ்ந்து நிற்கும் பொழுதே அது. எனவே, ஐந்திணையுள் முழு வெயிலை உரிமையாக உடையது நண்பகற் பாலை ஒன்றே. ஏனைய நான்கும் குறைந்த ஒளிக்கோ, மாறிக்கொண்டேயிருக்கும் ஒளிக்கோ, இருளுக்கோ உரியன. இத்தகையதோர் இலக்கியத்தின் நிறங்களை நண்பகல் வெயிலில் வைத்தே பொருள் காண்பது முறையாகுமா? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கண் ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்பை இவ்விடத்துச் சிறிது விரித்தே கூறல் வேண்டும். தமிழாய்வார்க்கு இது புறச்செய்தி போலத் தோன்றினும், பின்வரும் பாட்டாராய்ச்சி இதன்மேல்தான் நிற்கின்றது.

நண்பகல் வெயிலுக்கும் முழுநிலவுக்கும் உள்ள வேறுபாடு நாம் நினைப்பதினும் மிகப் பெரிது. வெயிலின் ஒளி நிலவொளியைப் போல ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு. இவ்வளவு வேறுபட்ட இரண்டு ஒளியிலும் நாம் வழி கண்டு நடக்கின்றோம். கண்ணின் பாவை விரிந்து சுருங்குவதால் இது நிகழ்கின்றது என்பர் சிலர். அது போதாது. பாவையின் குறுக்களவு 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியும். உட்புகும் ஒளி அதனால் 16 மடங்குதான் கூடும். எஞ்சிய பெருவேலை விழித்திரையில் நடைபெறுகின்றது. அங்கே இருவகை அணுக்கள் உள்ளன. கூம்பு வடிவினவாகிய அணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். கோல் வடிவின ஏறத்தாழ 10 கோடி. கூம்பணுக்கள் மூவகைப்படும், அம்மூன்றும் தரும் செய்திகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகின்றது. அவை தொழிற்பட மிகுந்த ஒளி வேண்டும். கோலணுக்கள் மிகச் சிறிய ஒளிக்கும் தொழிற்படுவன. ஆயின் அவை ஒரே வகையின. ஒருவன் கூறுவதை ஒப்பிட்டுப் பார்க்க மற்றொருவன் இல்லாத இடத்தில் உண்மை தெளிதல் அரிது. அதுபோல, ஒருவகை அணு மட்டும் விழித்திருக்கும் இரவில் ஒளியின் மிகுதி குறைவு தெரியுமேயன்றி நிறம் தெரியாது. இவ்விருவகைப் பார்வையை 1866-இல் செருமானிய அறிஞர் மாக்சு சுல்ட்சே எடுத்துக் காட்டினார். இரவில் இயங்கும் பறவைகளின் விழித்திரையில் கோலணுக்கள் மிக்கிருத்தலை அவர் கண்டார்.

இருவகை அணுக்களும் ஒரே ஒளியை ஒரே அளவில் விரும்புவன அல்ல. கூம்பணுக்களால் காணும் பகற்பார்வைக்கு 555 நானோமீட்டர் அலைநீளமுடைய மஞ்சட்பச்சை மிகப் பொலிவுடையது. கோலணுக்களுக்கோ 507 நானோமீட்டர் அளவிலுள்ள நீலப்பச்சையே மிகப் பொலிவுடையது. செந்நிற ஒளி அவற்றிற்கு இல்லாததோடொக்கும். ஆதலின் ஒளி குறையக் குறையச் சிவப்பு முந்திக் கருத்துவிடும்; நீலமும் பச்சையும் நிறம் இழந்தும் வெளிறித் தோன்றும். செக்கு நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே இதனை 1825-இல் எழுதி வைத்தார். பகலில் ஒளிமிக்குத் தோன்றும் சிவப்பு, விடியற்காலையில் நெடுநேரம் கருமையாகவே நிற்றலை அவர் கண்டார். இம்மாற்றம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இருளுக்குக் கண் உடனே ஒத்துவருவதில்லை. கூம்பணுக்கள் பத்து நிமிடத்துள் தம்மால் இயன்ற எல்லையை எட்டிவிடும். கோலணுக்கள் முழுத்திறம் பெற முப்பது நாற்பது நிமிடங்கள் ஆகும். தமிழ் வழக்கில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. இருட்டறையுள் நுழைந்தவன் சிறிது நேரம் நின்று, ‘கண் பழகட்டும்’ என்கின்றான். பழகுதல் என்னும் அச்சொல் மெல்லச் சென்று ஒத்துப்போதலைக் குறிக்கும். அறிவியல் நூலார் ‘தகவமைவு’ என்று மொழிபெயர்த்துத் தருவதினும் இது நன்று என்பது என் கருத்து. கோலணுக்களில் உள்ள செந்நிறப் பொருள் ஒளிபட்டு வெளுத்துப் பின் இருளில் மீண்டும் ஊறிவருதலே இப்பழக்கத்திற்குக் காரணம். அப்பொருள் உண்டாவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தார்க்கு அந்திக்குப்பின் கண் தெரியாது. ‘மாலைக்கண்’ என்று நம் மக்கள் அந்நோய்க்கு இட்ட பெயரும் பொழுதாலே பெற்ற பெயராதல் காண்க.

இனிப் பாட்டிற்கு வருவோம். குறுந்தொகையின் 47-ஆம் செய்யுள் நான்கடியான் இயன்ற சிறு பாட்டு. பாடியவர் நெடுவெண்ணிலவினார், பாட்டில் வரும் நிலவே அவர்க்குப் பெயராயிற்று. இரவுக்குறிக்கு வரும் தலைவன் கேட்கத் தோழி நிலவை நோக்கிக் கூறுவதாக அமைந்தது. வேங்கை மரத்தின் பூக்கள் பாறைமேல் உதிர்ந்து கிடக்கின்றன. அப்பாறை புலிக்குட்டிபோலத் தோன்றுகின்றது. அத்தகைய காட்டு வழியே இரவில் மறைந்து வருவார்க்கு நிலவே நீ நல்லை அல்லை என்பது அவள் கூற்றின் பொருள்.

பத்தாண்டுகளுக்கு மேலாக இப்பாட்டை யான் கற்பித்து வந்துள்ளேன். வேங்கைப் பூ பொன்னிறம். புலியின் மேனியும் பொன்னிறம். பாறையின் கருமை புலியின் வரியாயிற்று. ஆதலின் இது நிறம்பற்றி வந்த உவமம் என்பதே யான் கூறிவந்த விளக்கம். வகுப்பறைகளில் பெருவழக்காக உள்ள விளக்கமும் அதுவே. ஓராண்டு முதுகலை மாணவியர் ஒருவர் எழுந்து, “ஐயா, நிலவில் மஞ்சள் எப்படித் தெரியும்?” என்று வினவினார். புலவர் கண்ணுக்குத் தெரியும் என்று ஏதோ விடையிறுத்து மேற்சென்றுவிட்டேன். வகுப்பு நகைத்தது, வினா என்னைவிட்டு அகலவில்லை.

வேங்கை மரம் எங்கள் ஊரில் இல்லை. அவ்வாண்டு சித்திரை முழுநிலவன்று சரக்கொன்றைப் பூவைக் கூடை நிறையக் கொணர்ந்து, வீட்டின் பின்புறம் கிடந்த கருங்கல்லின்மேல் உதிர்த்து வைத்தேன். அருகே செம்பருத்தியும் சங்குப்பூவும் இலையோடு கூடிய கொத்துக்களாக இட்டேன். வினவிய மாணவியரும் உடன் பயில்வார் சிலரும் வந்திருந்தனர். கதிரவன் மறைந்து கால்மணி நேரம்வரை எல்லாம் தத்தம் நிறத்தோடு விளங்கின. பின்னர்ச் செம்பருத்தி முதலில் கெட்டது. பகலில் தன் இலையினும் ஒளிமிக்கிருந்த பூ, இலையினும் கருத்து, கொத்தில் ஓர் ஓட்டை விழுந்தாற்போலாயிற்று. பகலில் அதனினும் ஆழ்ந்த நிறத்ததாயிருந்த சங்குப்பூ இப்பொழுது அதனினும் வெளிறி நின்றது. நிலவு மேலேறியபின் கண் பழகும்வரை விளக்கின்றி அமர்ந்திருந்தோம். கொன்றையின் மஞ்சள் மறைந்துவிட்டது. மறையாதது ஒன்றுண்டு: கருங்கல்லின்மேல் வெளிறிய திட்டுக்கள். பத்தடி தொலைவிலிருந்து நோக்கியபொழுது இதழ் இதழாகப் பிரித்தறியக் கூடவில்லை. திட்டுக்கள் ஒன்றோடொன்று கலந்து, கல்லின் வடிவமே மாறியதுபோலிருந்தது. புலிக்குட்டி என்று யாரும் சொல்லவில்லை. நகரத்து மாணவர்க்குப் பூனைதான் நினைவிற்கு வந்தது.

இதழ்கள் கலந்து தோன்றியதற்கும் காரணம் உண்டு. கூரிய பார்வைக்குரிய விழித்திரையின் நடுக்குழியில் கோலணுக்கள் இல்லை. ஆதலின் இரவுப் பார்வையின் கூர்மை பகற்பார்வையின் கூர்மையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. மங்கிய பொருளை நேரே நோக்க மறைதலும், சற்றே ஓரத்தில் நோக்கத் தோன்றுதலும் விண்மீன் ஆராய்வார் நன்கு அறிந்தவை. முழுநிலவில் இந்நிலை முற்றாக நேர்வதில்லை. மிக விளங்கும் பொருள்களில் நிறத்தின் சாயல் சிறிது எஞ்சுதலும் கூடும். எனினும் பொன்னிறம், புலிநிறம் என்று பெயரிட்டுக் கூறும் அளவிற்கு அது போதாது.

இவ்வறிவோடு பாட்டை மீண்டும் நோக்குவார்க்குச் சில செய்திகள் புதியனவாகத் தோன்றும். பூவின் நிறம் பாட்டில் யாண்டும் கூறப்படவில்லை. பொன் என்றோ மஞ்சள் என்றோ புலவர் சொல்லவில்லை. நிறச்சொல்லாக வருபவை மரத்தின் அடிக்கு அடையாகிய கருமையும் நிலவுக்கு அடையாகிய வெண்மையுமே. மஞ்சளை நம் நினைவிலிருந்து யாமே பாட்டினுள் புகுத்தி, பின்னர் அதனை உவமத்தின் உயிர் என்று விளக்கிவந்திருக்கின்றோம். பாட்டினுள் இருப்பது கருமைமேல் வெண்மை விரவிய தோற்றம். நிலவில் எஞ்சி நிற்பதும் அதுவே.

இவ்வேறுபாடு வெறும் நுணுக்கம் அன்று; பாட்டின் பொருளையே தொடுகின்றது. பாறையும் பூவும் முன்பகுதியில் வருகின்றன. நிலவைப் பழித்தல் பின்பகுதியில் வருகின்றது. இரண்டிற்கும் இயைபு யாது? நிலவு தலைவனைப் பிறர்க்குக் காட்டிக்கொடுக்கும் என்பதே பழித்தற்குக் காரணம் எனின், பாறை புலிக்குட்டியாகத் தோன்றுதல் வழியின் அச்சத்தைக் கூறும் தனிச்செய்தியாய் ஒதுங்கிவிடும். வேறு எந்த அச்சத்தைக் கூறினும் பாட்டு நிற்கும். ஆயின் காட்சியை ஒளியோடு சேர்த்து நோக்குக. பகலில் அப்பாறை பூ உதிர்ந்த பாறையே. இதழ் தெரியும், நிறம் தெரியும், யாரும் மயங்கார். நிலவற்ற இருளில் பாறையே தெரியாது. வடிவைக் காட்டி, நிறத்தை மறைத்து, நுண்மையை அழிக்கும் ஒளி நிலவொளி ஒன்றே. அவ்வொளியில் மட்டுமே கல் புலியாகும். குட்டி உள்ள இடத்தில் தாய் அருகிருக்கும் என்பது காடறிந்தார் அறிவு. ஆகவே, பொய்ப்புலியைப் பிறப்பிப்பது நிலவே. தோழி பழிக்கின்ற குற்றம் நிலவின் குற்றமே. முன்பகுதி பின்பகுதிக்குக் காரணமாகின்றது. நான்கடியும் ஒரு தொடராக இறுகுகின்றன. ‘நல்லை அல்லை’ என்னும் பழிப்பு அதன்பின்னரே முழுப்பொருள் தருகின்றது.

தலைவன் பிறர் கண்ணிற்படுவான் என்னும் கருத்தை இது விலக்குவதன்று. ஆயினும் முதன்மை எதற்கு என்று கேட்பின், பாட்டில் சொல்லப்பட்ட காட்சிக்கே முதன்மை தருவேன். சொல்லப்படாத ஊரார்க்கு அன்று.

இதே தொகையின் 138-ஆம் செய்யுள் வேறொரு வகையில் துணை செய்கின்றது. கொல்லன் அழிசி பாடியது. இதுவும் தோழி கூற்று. ஊர் உறங்கியும் யாம் உறங்கவில்லை என்கின்றாள். நொச்சியின் இலை மயிலின் அடி போன்றது. அதன் பூ நீலமணி போன்றது. அப்பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவள் கூறும் செய்தி. நள்ளிரவில் நொச்சிப்பூவின் நீலம் எவ்வாறு தெரிந்தது என்று வினவின் விடை எளிது: தெரிந்ததாக அவள் சொல்லவேயில்லை. மணிநிறம் பகலில் கண்டு நெஞ்சிற் பதிந்த நிறம். இரவு தந்தது ஓசை மட்டுமே. அவ்வளவு சிறிய பூ உதிரும் ஓசை கேட்குமா என்று ஐயுறுவார் அவ்வுறக்கமின்மையின் அளவை உணராதார். கண்ட நிறத்தைச் சொல்லும் சொல்லும், அறிந்த நிறத்தைச் சொல்லும் சொல்லும் வடிவில் ஒன்றாயினும் தொழிலில் வேறு. நிறச்சொற்களை எண்ணித் தொகுப்பார் இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் இடுகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால், ஒளியைக் காட்டி எல்லா நிற மயக்கத்தையும் விளக்கிவிடலாம் என்று கருதிவிடல் கூடாது. முல்லைப்பாட்டே இதற்குத் தடையாக நிற்கின்றது. வென்று மீளும் அரசனது தேர் வரும் காட்டுவழியில் நப்பூதனார் நான்கு பூக்களை அடுக்கிக் காட்டுகின்றார். காயா அஞ்சனமாக மலர்கின்றது. கொன்றை பொன்னாக உதிர்கின்றது. கோடல் உள்ளங்கையாக விரிகின்றது. தோன்றி குருதியாகப் பூக்கின்றது. காயாம்பூ நல்ல நீலம். அஞ்சனமோ கண்ணுக்கிடும் மை. கார்காலத்து முகில் மூடிய மங்கல் ஒளியில் நீலம் கருமையாகத் தோன்றியது என்று விடையிறுக்க எனக்கும் ஒருகால் ஆசை எழுந்தது. ஆராய்ந்தபொழுது அது நில்லாமை விளங்கிற்று. ஒளி குறையுமிடத்து நீலம் வெளிறும், கருப்பது சிவப்பே. காயா கருக்கும் அளவிற்கு இருண்டிருப்பின் தோன்றிப்பூ குருதியாகத் தோன்றியிராது. தோன்றியின் செம்மை நின்று விளங்குவதால் அவ்வழியில் இன்னும் போதிய ஒளி இருந்தது என்று கொள்ளல் வேண்டும். எனவே காயாவிற்கும் அஞ்சனத்திற்கும் உள்ள உறவைப் பொழுதில் தேடாமல், அஞ்சனக்கல்லின் நீலச் சாயலிலும் சொல் வழக்கிலுமே தேடல் வேண்டும். புர்கின்யே கண்ட உண்மை இங்கே நமக்குத் துணை செய்யவில்லை. நம்மைத் தவற்றிலிருந்து தடுத்தது.

அந்நான்கு பூக்களைக் கூறுமிடத்தும் புலவர் பூவின் நிறத்தை நிறச்சொல்லாற் கூறாமையை உற்று நோக்கல் தகும். மை, பொன், கை, குருதி என நான்கு பொருள்களே நிறத்தைச் சுமந்து வருகின்றன. உவமம் தோன்றும் வகைகளுள் உருவும் ஒன்றெனத் தொல்காப்பியம் கூறும். வினை, பயன், மெய் என்பவற்றோடு வைத்து எண்ணப்படும் அவ்வுரு நிறமாகும். நிறத்தைப் பெயரிட்டுக் கூறுவதற்கும் பொருளோடு ஒப்பிட்டுக் கூறுவதற்கும் ஒளிபற்றிய ஒரு வேறுபாடு உண்டு. பெயர் ஓர் ஒளியில் பொருந்தும். ஒளி மாறின் பொருந்தாது. ஒப்பிடப்படும் இரண்டு பொருளும் ஒரே ஒளியில் நிற்குமாயின் இரண்டும் சேர்ந்தே மாறும். ஒப்புமை கெடுவது குறைவு. சேலை எடுக்கச் செல்லும் மகளிர், கடை விளக்கில் கண்ட நிறத்தை நம்பாமல், சேலையையும் உடன் கொணர்ந்த இரவிக்கைத் துணியையும் வாயிலுக்கு எடுத்துச் சென்று சேர்த்து வைத்துப் பார்க்கின்றனர். நிறத்தின் பெயர் அவர்க்குப் போதவில்லை. (விளக்கில் ஒத்த இரண்டு துணிகள் வெயிலில் ஒவ்வாது போதலும் உண்டென்பதை அறிந்தே வாயிலுக்குச் செல்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது. ஒப்புமையும் முழுக் காப்பு அன்று.)

இக்கருத்திற்குக் குறுந்தொகை 98-ஆம் செய்யுளைக் காட்டுவேன். கோக்குள முற்றனார் பாட்டு. தலைவியின் நெற்றியில் பசலை பாய்ந்துவிட்டது. அதனைத் தலைவனிடம் சென்று சொல்வார் யார்? நம் தோட்டத்துப் புதரில் மழைக்காலத்துப் பூத்த பீர்க்கம்பூக்கள் சிலவற்றைக் கையிற்கொண்டு, அவள் நெற்றி இன்னதாயிற்று என்று சொல்வாரைப் பெறின் நன்று என்பது பாட்டின் கருத்து. பசலைக்கு நிறப்பெயர் கூறப்படவில்லை. மஞ்சள் என்றால் தலைவன் எந்த மஞ்சளைக் கொள்வான்? அவன் இருக்கும் இடத்து ஒளி எத்தகையதோ? பூவையே கொண்டு சென்றுவிட்டால் அக்கவலை பெரும்பாலும் இல்லை. எந்த ஒளியில் அவன் பூவை நோக்கினும், அதே ஒளியில் அவள் நெற்றி எவ்வாறு தோன்றுமோ அதற்கு அணித்தான தோற்றத்தையே காண்பான். பீர்க்கு மாலையில் மலரும் பூ என்பதை வீட்டுத் தோட்டம் உடையார் அறிவர். மலர்ந்த பூவைக் கையிற்கொள்ளும் பொழுதும், பிரிந்தார் வருந்தும் பொழுதும் ஒன்றாதலைப் புலவர் கருதினாரா என்று உறுதியாகக் கூற இயலாது. பாட்டு அதற்கு இடந்தருகின்றது என்ற அளவில் நிறுத்துகின்றேன்.

இவ்வாறு நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. நிறமும் இலக்கியமும் பற்றிய ஆராய்ச்சி இரண்டு பக்கத்தும் வழுக்கி விழுந்த வரலாறு உடையது. பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சரான கிளாட்சுடன் 1858-இல் ஓமரைப் பற்றி விரிவாக எழுதிய நூலில், அப்பெரும்புலவர் காப்பியங்களில் நிறச்சொற்கள் சிலவாகவும் நிலையற்றனவாகவும் இருத்தலையும், கடலுக்கு மதுவின் நிறம் கூறப்படுதலையும் எடுத்துக்காட்டி, அக்காலக் கிரேக்கரின் நிற உணர்வு முழு வளர்ச்சி பெறவில்லை என்று கருதினார். செருமானிய மருத்துவர் யூகோ மாக்னசு 1877-இல் அதனை மாந்தர் கண்ணின் படிப்படியான வளர்ச்சி என்றே விரித்தார். 1879-இல் கிரான்ட் ஆலன் இக்கொள்கையை மறுத்து நூல் எழுதினார். சில ஆயிரம் ஆண்டுகளில் மாந்தர் விழித்திரை அவ்வாறு மாறிவிடவில்லை என்பது இன்று தெளிவு. சொல்லின் குறையைக் கண்ணின் குறையாகக் கொண்டது அவர்கள் தவறு. பழந்தமிழர் நீலத்தையும் கருமையையும் பிரித்துணரவில்லை என்று எழுதுவார் அதே தவற்றை நம்மிடையே மீண்டும் செய்கின்றனர்.

மற்றொரு பக்கத்து வழுக்கல் நமக்கே உரியது. புர்கின்யே கண்டதை ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் நெடுவெண்ணிலவினார் கண்டார் என்று முழங்குவார் தோன்றக்கூடும். இக்கட்டுரையை அதற்குச் சான்றாக யாரும் கொள்ளாதிருக்க வேண்டுகின்றேன். புலவர் விதி காணவில்லை, கண்டதைச் சொன்னார். மாலையில் சிவப்பு கருக்கும் என்ற பொதுக்கூற்றை யான் சங்க நூல்களில் யாண்டும் கண்டிலேன். காட்சியை நேர்மையாகச் சொல்லியதனால் அக்காட்சி, பின்னர்க் கண்டறியப்பட்ட விதியோடு முரணாமல் நிற்கின்றது. அவ்வளவே. அந்நேர்மைக்கு உரிய பெருமையே பெரிது. இல்லாத பெருமையை ஏற்றி அதனை மறைக்க வேண்டுவதில்லை.

ஒளியின் ஆட்சிக்கு எல்லை உண்டென்பதைப் புலவர்களே அறிந்திருந்தனர். குறுந்தொகை 234-ஆம் செய்யுளில் மிளைப்பெருங்கந்தனாரின் தலைவி, வானம் சிவந்து முல்லை மலரும் பொழுதே மாலை என்பாரை மயங்கியோர் என்கின்றாள். துணையில்லார்க்குக் கோழி கூவும் விடியலும் மாலை, பகலும் மாலை என்கின்றாள். ஈண்டுப் பொழுது கதிரவனைவிட்டு நெஞ்சிற்குப் பெயர்ந்துவிட்டது. கண்ணின் இயல்பை அளவுகோலாகக் கொண்டு இப்பாட்டை அளப்பார் ஒன்றும் பெறார். ஆயினும் வானத்தின் செம்மையும் முல்லையின் மலர்ச்சியும் மாலைக்கு அடையாளமெனப் பலரும் ஒப்பியிருந்தமையாலேயே அவள் மறுப்பிற்கு ஆற்றல் பிறக்கின்றது என்பதும் உண்மை.

நெடுநல்வாடையில் கண் அறவே தோற்கும் இடமொன்று உண்டு. கூதிர்க்காலத்து முகில் வானை மூடிப் பகலும் மாலையும் வேறு தெரியாதிருக்கின்றன. நக்கீரர் காட்டும் மகளிர் வானத்தை நோக்கிப் பொழுதை அறியவில்லை. தட்டில் இட்டுவைத்த பிச்சியரும்பு கட்டவிழ்ந்து மணக்கின்றது. அம்மணத்தாலே மாலை வந்தமை அறிந்து விளக்கேற்றுகின்றனர். குறிஞ்சியிரவில் செவி செய்த தொழிலை இங்கு மூக்குச் செய்கின்றது. இவ்விரு பாட்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கத் தொடங்கியபின், கருப்பொருட் பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவர் சிலரேனும் பொழுதைத் தாமே கேட்கத் தொடங்கினர்.

இம்முறையை நெய்தற் பாடல்களுக்கு விரித்துப் பார்த்தல் வேண்டும். நெய்தற்பூ பகலில் விரிந்து மாலையில் கூம்பும் நீலப்பூ. கூம்பும் பூவும் கருக்கும் கழியும் எப்பாடல்களில் எவ்வொளியில் கூறப்படுகின்றன என்று ஒவ்வொன்றாக நோக்கின், எற்பாடு படுபொழுதா எழுபொழுதா என்னும் பழைய வழக்கிற்குச் சொல்லாராய்ச்சிக்குப் புறம்பான சான்று சில கிடைத்தல் கூடும். நற்றிணையின் நெய்தற் பாடல்களிலிருந்து அப்பணியைத் தொடங்கியுள்ளேன்.